தங்க முலாமும் வெற்றிடத்தின் இழுவையும்

காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முந்தானையின் வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கு முன் ஜரிகையைப் பார்ப்பார்கள். ஓரத்தில் நீண்டிருக்கும் ஜரிகை இழை ஒன்றை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். அசல் ஜரிகையின் நடுவில் இருப்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு. அதைச் சுற்றி, தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி. அதற்கும் மேலே தங்க முலாம். எடை போட்டால் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கல்யாண வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது அந்த ஒரு பங்குக்கும் குறைவான தங்கம்தான். வெள்ளியை அப்படியே விட்டால் காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டுக் கறுத்துப்போகும். தங்கம் கறுக்காது. அதனால் எடைக்கு வெள்ளி, முகத்துக்குத் தங்கம் என்று பிரித்து வைத்தார்கள்.

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில், உமர் மொகிதீன், அனுஸ்ரீ ராய் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதே வழியைக் கையாண்டார்கள். அவர்களுக்கு மிக நன்றாக ஒளியைத் திருப்பும் உலோகப் பரப்பு தேவைப்பட்டது. அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படியும். அதைத் தடுக்க, தங்கமும் பல்லேடியமும் கலந்த, 20 நானோமீட்டருக்கும் குறைவான பூச்சு ஒன்றை மேலே போட்டார்கள். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பட்டுப்புழு நூற்ற ஒற்றை இழையின் பருமன் சுமார் 10,000 நானோமீட்டர். இந்தப் பரப்புகளை வைத்து அவர்கள் அளந்தது, எதுவுமே இல்லாத இடைவெளியில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே தோன்றும் இழுவை. காசிமிர் விசை என்று அதற்குப் பெயர்.

மின்னேற்றம் இல்லை, காந்தம் இல்லை. ஈர்ப்பு விசை உண்டு, ஆனால் இந்தக் கணக்கில் அது பொருட்டே இல்லை. அப்படியும் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக அருகில் கொண்டுபோனால் அவை ஒன்றையொன்று இழுக்கின்றன. எதனால்?

கதை தொடங்குவது பெயிண்ட், பால் போன்ற கூழ்மங்களில். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள் ஏன் சில நேரம் ஒன்றாகத் திரள்கின்றன, ஏன் சில நேரம் தனித்தனியே நிற்கின்றன என்று 1940களில் வெர்வே, ஓவர்பீக் என்ற இருவர் அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். துகள்களை இழுப்பது வான் டெர் வால்ஸ் விசை என்று ஏற்கெனவே தெரியும். ஓர் அணுவின் எலக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கம் சாய, பக்கத்து அணுவின் எலக்ட்ரான்கள் அதற்கேற்பச் சாய, அதில் பிறக்கும் இழுவை அது. ஆனால் தூரம் கூடும்போது இந்த விசை, கணக்கு சொல்வதைவிட வேகமாகக் குறைய வேண்டும் என்று சோதனைகள் காட்டின. ஓர் அணு சாய்ந்த செய்தி அடுத்த அணுவுக்குப் போய்ச்சேர ஒளிக்கும் நேரம் பிடிக்குமே, அந்தத் தாமதம்தான் காரணமாக இருக்கும் என்று ஓவர்பீக் ஊகித்தார். அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹென்ட்ரிக் காசிமிர், டிர்க் போல்டருடன் சேர்ந்து இதைக் கணக்கிட்டார். நீண்ட, கடினமான கணக்கு. கடைசியில் வந்த விடை மட்டும் ஆச்சரியமான அளவுக்கு எளிமையாக இருந்தது.

இவ்வளவு சிக்கலான வழியில் போய் இவ்வளவு எளிய விடை வந்தால் எளிய வழி ஒன்றும் இருக்க வேண்டும். காசிமிர் இதை நீல்ஸ் போரிடம் சொன்னபோது, இது பூஜ்யநிலை ஆற்றலோடு தொடர்புடையதாக இருக்கும் என்று போர் முணுமுணுத்தாராம். காசிமிரே பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் அணுக்களை விட்டுவிட்டு, ஒளியைத் திருப்பும் இரண்டு வெறும் தகடுகளை எடுத்துக்கொண்டார். 1948 மே மாதம் நெதர்லாந்து அறிவியல் அகாதெமியில் அந்தச் சிறு கட்டுரையைப் படித்தார்.

பூஜ்யநிலை ஆற்றல் என்பது குவாண்டம் இயற்பியலின் தவிர்க்க முடியாத விளைவு. எந்த அதிர்வும் முழுமையாக ஓய்ந்து நிற்க முடியாது. எல்லா வெப்பத்தையும் எடுத்துவிட்டாலும் மிச்சமாக ஒரு குறைந்தபட்ச ஆற்றல் இருந்தே தீரும். ஹீலியத்தை எவ்வளவு குளிர்வித்தாலும் சாதாரண அழுத்தத்தில் அது உறையாமல் திரவமாகவே இருப்பதற்குக் காரணம் இந்த ஓயாத அசைவுதான். மின்காந்தப் புலமும் அதிரக்கூடிய ஒன்றே. ஆகவே ஒளியே இல்லாத, காற்றே இல்லாத இடத்திலும் அந்தப் புலத்தின் மிச்ச அதிர்வு இருக்கிறது.

இரண்டு தகடுகளுக்கு நடுவே இந்த அதிர்வு எப்படி இருக்கும்? வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் கட்டப்பட்ட தந்தியில் எந்த அலையும் வந்துவிட முடியாது. அதன் நீளத்துக்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும், அடங்காத சுரம் அங்கே பிறக்காது. உலோகத் தகடுகளும் மின்புலத்தை அப்படித்தான் கட்டிப்போடுகின்றன. இடைவெளிக்குள் பொருந்தும் அலைகளுக்கு மட்டுமே உள்ளே இடம். வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளே இருக்கும் மொத்த ஆற்றலைக் கூட்டினால் முடிவிலி வரும், வெளியே கூட்டினாலும் முடிவிலி வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்தால் முடிவுள்ள ஓர் எண் கிடைக்கிறது. தகடுகள் நெருங்க நெருங்க அந்த ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறையும் திசையில் விசை செயல்படும் என்பதால் தகடுகள் நெருங்கி வருகின்றன.

காசிமிரின் சூத்திரத்தில் எலக்ட்ரானின் மின்னேற்றமோ, உலோகத்தின் பெயரோ கிடையாது. பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், இடைவெளி, இவ்வளவுதான். இடைவெளியின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அழுத்தம் மாறும். அதாவது இடைவெளியைப் பாதியாக்கினால் அழுத்தம் 16 மடங்கு. 1 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டின் மீது வரும் விசை சுமார் 13 மைக்ரோகிராம் எடைக்குச் சமம். பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. 100 நானோமீட்டருக்குக் கொண்டுவந்தால் பத்தாயிரம் மடங்கு கூடும். 10 நானோமீட்டருக்குக் கொண்டுவர முடிந்தால், குறையே இல்லாத தகடுகளுக்கு, காற்றுமண்டல அழுத்தத்தையே தாண்டிவிடும்.

அப்படியானால் புடவைக் கரையில் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் இரண்டு ஜரிகை இழைகளும் இப்படி இழுத்துக்கொள்ள வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். இழுத்துக்கொள்கின்றன. ஆனால் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் ஜரிகையின் பரப்பு நானோமீட்டர் அளவில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இரண்டு இழைகள் ஒட்டிக் கிடந்தாலும் உண்மையில் நெருங்குவது சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே. மற்ற இடமெல்லாம் பல மைக்ரோமீட்டர் தள்ளி நிற்கும். நான்காம் படி விதி அந்த இடத்தில் விசையை ஒன்றுமில்லாமல் செய்துவிடும். பிறகு நெசவின் இறுக்கம், உராய்வு, எடை எல்லாம் வந்து அதை முழுவதுமாக மூடிவிடும்.

பரப்போடு மிக நெருக்கமாகப் பொருந்தத் தெரிந்த ஓர் உயிருக்கு இதே குடும்பத்து விசை வாழ்வாதாரமாக இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் வருவதில்லை. உயிருள்ள பல்லி கூரையில் தலைகீழாக ஓடுவது எப்படி என்ற கேள்விக்கு 2000இலும் 2002இலும் கெல்லர் ஆட்டம் குழுவினர் தந்த விடை வான் டெர் வால்ஸ் விசை. அவர்கள் ஆராய்ந்த டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் ஐந்து லட்சம் அளவில் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றின் நுனியும் பல நூறாகப் பிரிந்து, 200 நானோமீட்டர் அளவுள்ள தட்டை முனைகளாக முடிகிறது. சுவரின் மேடு பள்ளத்துக்குள் அந்த முனைகள் புகுந்து படிகின்றன. பசை கிடையாது, உறிஞ்சுகிண்ணம் கிடையாது. காசிமிர் விசையும் வான் டெர் வால்ஸ் விசையும் ஒன்றேதான். மிக அருகில் பார்க்கும்போது ஒரு பெயர், ஒளியின் தாமதம் கணக்கில் வரும் தூரத்தில் இன்னொரு பெயர்.

காசிமிர் கணித்துச் சொன்ன விசையை அளந்து காட்ட அரை நூற்றாண்டு ஆனது. 1958இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்திலேயே ஸ்பார்னே என்பவர் தட்டையான உலோகத் தகடுகளை வைத்து அளந்தார். அவர் முடிவில் இருந்த பிழை வரம்பு ஏறத்தாழ விசையின் அளவுக்கே இருந்தது. அவரும் நேர்மையாக, கணிப்போடு முரண்படவில்லை என்று மட்டுமே சொன்னார். இரண்டு தகடுகளை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் துல்லியமாக இணையாக நிறுத்துவது பெரும்பாடு. ஒரு மூலையில் ஒரு தூசி உட்கார்ந்தால் எல்லாம் போயிற்று. இரண்டையும் கம்பியால் இணைத்து மின்னழுத்த வேறுபாட்டை நீக்கினாலும், பரப்பில் உள்ள படிகத் துணுக்குகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறான மின்னழுத்தத்தில் நிற்கும். அந்தத் துளி மின்விசைகூட காசிமிர் விசையை மறைத்துவிடப் போதும்.

1997இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் லாமொரோ ஒரு தகட்டுக்குப் பதில் கோளப் பரப்பை வைத்தார். கோளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இணையாக நிறுத்த வேண்டிய பிரச்சினையே இல்லை. இரண்டின் மேலும் தங்கப் பூச்சு. மெல்லிய கம்பியில் தொங்கும் முறுக்கு ஊசல், விசை பட்டதும் திரும்பும். 0.6 முதல் 6 மைக்ரோமீட்டர் வரை, சுமார் 5 சதவீதத் துல்லியத்தில் விசையை அளந்தார்.

மறு ஆண்டு மொகிதீனும் ராயும் வேறு வழியில் போனார்கள். 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டை ஒன்றை, அணுவிசை நுண்ணோக்கியின் மெல்லிய நெம்புச் சட்டத்தின் நுனியில் ஒட்டினார்கள். அதன் மேல் அலுமினியம், அதற்கும் மேல் நாம் முதலில் பார்த்த தங்கக் கலவைப் பூச்சு. எதிரே, அதே பூச்சுள்ள தட்டைப் பரப்பு. காற்றை வெளியேற்றிய அறைக்குள் தட்டையை மெல்ல உருண்டையை நோக்கி நகர்த்தினார்கள். விசை இழுக்கும்போது சட்டம் வளையும். சட்டத்தின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் கதிர் அந்த வளைவைக் காட்டிக்கொடுக்கும். நெருங்கிய நிலையில் விசையின் அளவு, ஒரு நியூட்டனில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற வரிசையில் இருந்தது. அதை ஏறத்தாழ ஒரு சதவீதத் துல்லியத்தில் அளந்தார்கள். அடுத்த ஆண்டே தட்டையான பரப்பை எடுத்துவிட்டு அலையலையான பரப்பை வைத்து, வடிவம் மாறினால் விசை எப்படி மாறுகிறது என்றும் பார்த்தார்கள். அனுஸ்ரீ ராய் பிறகு இந்தியா திரும்பி காரக்பூர் ஐஐடியில் பேராசிரியர் ஆனார்.

நம் பக்கத்து ஊரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிலையத்தில், 2000களின் தொடக்கத்தில், ஜி. ராஜலட்சுமி தன் முனைவர் பட்டத்துக்காகக் காசிமிர் விசையை முறுக்குத் தராசு கொண்டு ஆராய்ந்தார். வழிகாட்டியவர்கள் ராமநாத் கௌசிக்கும் சி.எஸ். உன்னிகிருஷ்ணனும். கௌசிக், கௌரிபிதனூரில் நிலத்தடி ஆய்வுக்கூடம் ஒன்றில் முறுக்குத் தராசை வைத்து, ஈர்ப்பைத் தவிர இன்னொரு மென்மையான விசை இயற்கையில் ஒளிந்திருக்கிறதா என்று தேடியவர். ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதன் மிகச் சிறிய திருகலைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தக் கலையில் இந்தியர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

ராஜலட்சுமி தேர்ந்தெடுத்த இடைவெளி சில மைக்ரோமீட்டர். விசை அங்கே மிகவும் மெலிந்திருக்கும். அப்படியும் அந்த எல்லைக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. நம் அறை வெப்பத்தில் எல்லாப் பொருளும் அகச்சிவப்பு அலைகளை வீசிக்கொண்டே இருக்கிறது. அவற்றின் அலைநீளமும் மைக்ரோமீட்டர்களில்தான் வரும். ஆகவே சில மைக்ரோமீட்டர் தூரத்தைத் தாண்டியதும் பூஜ்யநிலை அதிர்வோடு வெப்ப அதிர்வும் சேர்ந்து இழுக்கத் தொடங்குகிறது. அந்த வெப்பப் பங்கைக் கணக்கிடும்போதுதான் இயற்பியலாளர்கள் இன்று வரை முடியாத வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டார்கள்.

காசிமிர் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது எல்லா ஒளியையும் முழுதாகத் திருப்பும் கற்பனை உலோகம். 1950களில் ரஷ்ய இயற்பியலாளர் லிஃப்ஷிட்ஸ் உண்மையான பொருட்களுக்கான கணக்கைத் தந்தார். அதில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்று தெரிந்தால் போதும், விசையைச் சொல்லிவிடலாம். இடையில் வெற்றிடத்துக்குப் பதில் தக்க திரவத்தை வைத்தால் இழுவைக்குப் பதில் விலக்கமும் வரலாம் என்று அதே கோட்பாடு சொன்னது. 2009இல் ஜெரமி மண்டே, ஃபெடரிகோ கபாசோ, ஆத்ரியன் பார்செகியன் மூவரும் தங்கம் பூசிய உருண்டைக்கும் சிலிக்காத் தகட்டுக்கும் நடுவே புரோமோபென்சீனை ஊற்றி, அந்த விலக்கத்தை அளந்தே காட்டினார்கள். ஆகவே இது வெற்றிடத்தின் விசை மட்டும் இல்லை. உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் சரிபாதிப் பங்காளிகள். இதை விட்டுவிட்டு, வெறுமையே இழுக்கிறது என்று சொல்லி முடிப்பவர்கள் பாதிக் கதையை மட்டும் சொல்கிறார்கள்.

வழக்கு இதுதான். தங்கத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் மோதி மோதி ஆற்றலை இழக்கின்றன. தங்கக் கம்பிக்கும் மின்தடை உண்டு, இது பள்ளிப் பாடம். அந்த இழப்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் விசைக்கு ஒரு விடை. இழப்பே இல்லாததுபோல் கணக்குப் போட்டால் வேறு விடை. முதல் கணக்குதான் சரியாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் ரிவர்சைடில் மொகிதீன் குழுவும், இண்டியானாபொலிஸில் ரிக்கார்டோ டெக்கா குழுவும் மைக்ரோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் செய்த அளவீடுகள் இரண்டாவது கணக்கோடு ஒத்துப்போயின. 2011இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து லாமொரோ குழு இன்னும் அதிக தூரங்களில் அளந்து, முதல் கணக்குதான் பொருந்துகிறது என்றது. 2016இல் டெக்கா, இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பல நூறு மடங்கு வேறுபாடு வரும்படி ஒரு சோதனையை வடிவமைத்து, மீண்டும் இழப்பில்லாக் கணக்கின் பக்கமே தீர்ப்பு வருவதைக் காட்டினார். மின்தடை இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியிருக்க, அது இல்லாததுபோல் தங்கம் ஏன் இங்கே நடந்துகொள்கிறது? எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் வரவில்லை. மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கையாண்டு வரும் உலோகத்திடம் இப்படி ஒரு புதிர் மிச்சம் இருக்கிறது என்பதே எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

இந்த விசை நடைமுறையிலும் கணக்கில் வருகிறது. செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புவதற்குக் காரணம், உள்ளே இருக்கும் சிலிக்கான் நுண்கருவி. அதில் அசையும் பாகங்களின் இடைவெளி மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். இதைவிடச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பாகங்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டு கருவி செயலிழக்கும் அபாயம் வரும். 2001இல் பெல் ஆய்வுக்கூடத்தில், தங்கம் பூசிய உருண்டையை அருகில் கொண்டுவந்தே, அரை மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கான் தகட்டைக் காசிமிர் விசையால் மட்டும் திரும்ப வைத்தார்கள்.

வெற்றிடத்தில் ஆற்றல் இருக்கிறது என்றதும், அதிலிருந்து இலவச மின்சாரம் எடுக்கலாம் என்று யூடியூபில் கடை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். தகடுகள் நெருங்கும்போது கிடைக்கும் ஆற்றலை, மறுபடி அவற்றைப் பிரிக்கும்போது முழுதாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் லாபம் பூஜ்யம். சிதம்பரத்தின் ஆகாயத் தத்துவத்தையும் குவாண்டம் வெற்றிடத்தையும் ஒன்றென்று மேடையில் முழங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அந்தக் கோயிலின் பெருமைக்கு இந்த இரவல் தேவையில்லை. அளந்து அறிந்ததற்கும் தியானித்து அறிந்ததற்கும் தனித்தனி மரியாதை உண்டு.

ப்ளஸ் டூ இயற்பியலில் இணைத்தட்டு மின்தேக்கி என்று ஒரு பாடம் வருகிறது. இரண்டு தகடு, நடுவில் வெற்றிடம், மின்னேற்றம் கொடுத்தால் இழுக்கும் என்று படம் போட்டு நடத்துவோம். ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் பக்கத்துப் பள்ளிகளில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் தறி ஓடும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். ஜரிகையை விரலில் தொட்டுத் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள். அன்றைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, மின்னேற்றமே கொடுக்காவிட்டாலும் அந்தத் தகடுகள் இழுக்கும், அதை அளந்தவர்களில் நம் நாட்டவர்களும் உண்டு, தங்கத்தைப் பற்றிய கேள்வி ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள், ஆசிரியர்களே.